சபைக்குள் இருக்கும் போலி விசுவாசிகளைக் கிறிஸ்தவர்கள் எப்படி நடத்த வேண்டும்?

இந்தக் கேள்வியை யாரும் சும்மா கேட்பதில்லை. கேட்கிறவர் மனசில் ஒரு முகம் இருக்கும். மூன்றாவது பெஞ்சில் கண்ணை மூடி அந்நியபாஷை பேசுகிறவரோ, காணிக்கைப் பை எடுக்கிறவரோ, பிரசங்க பீடத்தில் நிற்கிறவரேயோ. உங்களுக்கும் அப்படி ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

நான் போதகன் இல்லை. இறையியல் பட்டமும் கிடையாது. கடலூர்ப் பக்கத்துச் சபைகளில் கமிட்டி வேலையும் கணக்கு வேலையும் பஞ்சாயத்தும் எப்படி நடக்கும் என்று தெரியும், அவ்வளவுதான். ‘நியாயந்தீர்க்க நீ யார்?’ என்று பின்னூட்டம் போடக் காத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மத்தேயு 7-ம் அதிகாரம் முதல் வசனத்தில் மற்றவர்களைக் குற்றவாளிகளென்று தீர்க்காதிருங்கள் என்ற இயேசுதான், அதே அதிகாரம் 15-ம் வசனத்தில் ஆட்டுத்தோலைப் போர்த்துக்கொண்டு வருகிற கள்ளத்தீர்க்கதரிசிகளுக்கு எச்சரிக்கையாயிருங்கள் என்கிறார். ஆட்டுத்தோலைத் தொட்டுப் பார்க்காமல் எச்சரிக்கையாயிருப்பது எப்படி?

முதலில், ‘போலி விசுவாசி’ என்று ஒரே ஆள் வேதத்தில் கிடையாது. கலாத்தியர் 2:4-ல் வருகிற கள்ளச்சகோதரர் ஒரு ரகம். வேவு பார்க்கவென்றே நுழைந்தவர்கள். 2 பேதுரு 2-ல் வரும் கள்ளப்போதகர் இன்னொரு ரகம். உபதேசத்தையே திரித்துப் பணம் பார்ப்பவர்கள். 1 கொரிந்தியர் 5-ல் தகப்பன் மனைவியை வைத்துக்கொண்டிருந்தவன் பாவத்தை விடமாட்டேன் என்று நிற்கிறவன். ரோமர் 14-ல் வருகிறவன் விசுவாசத்தில் பலவீனமானவன், அவ்வளவுதான். இதுபோக, கிறிஸ்துமஸுக்கும் கல்லறைத் திருநாளுக்கும் மட்டும் முகம் காட்டுகிற பெயர்க் கிறிஸ்தவர்கள். ஐந்து பேருக்கும் ஐந்து மருந்து. நம் சபைகளில் நடக்கிற கூத்து, மருந்தை மாற்றிக் கொடுப்பது. பொருளாளர் கையாடினால் ‘களையும் கோதுமையும் அறுப்புவரை சேர்ந்தே வளரட்டும் பிரதர்’ என்பார்கள். புதிதாக வந்த பெண் பொட்டு வைத்திருந்தால், ‘வேதப்புரட்டனை இரண்டொருதரம் புத்திசொல்லி விலக்கு’ என்று தீத்து 3:10-ஐ எடுத்துவிடுவார்கள்.

மத்தேயு 13-ல் வருகிற இந்தக் களை உவமையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம், ஏனென்றால் அதிகம் துஷ்பிரயோகமாவது அதுதான். நம்மூர் நெல் வயலில் குதிரைவாலிப் புல் முளைக்கும். நட்ட புதிதில் நாற்றுக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. களையெடுக்கிற அம்மாக்கள் இலையும் தண்டும் சேரும் இடத்தைப் பிரித்துப் பார்ப்பார்கள். நெல்லில் அங்கே வெள்ளையாகக் காகிதம் மாதிரி ஒரு சின்ன நாக்கு இருக்கும். புல்லில் அது இருக்காது. இயேசு சொன்ன களையும் இந்த மாதிரிதான். கோதுமை போலவே வளர்ந்து, கதிர் விட்ட பிறகுதான் தன்னைக் காட்டும். அதன் விதை மாவில் கலந்தால் தலைசுற்றும். பிடுங்காதே என்று எஜமான் சொல்வதற்குக் காரணம் களைமேல் உள்ள இரக்கம் இல்லை. வேர் பின்னியிருப்பதால் கோதுமையும் சேர்ந்து வந்துவிடும் என்பதுதான். ஆகவே அது, களையா பயிரா என்று தெரியாதவனைத் தோண்டாதே என்கிற கட்டளை. கதிர் விட்டு, கையும் களவுமாக நிற்கிறவனுக்கு அது பொருந்தாது. போதாக்குறைக்கு 38-ம் வசனத்தில் ‘நிலம் உலகம்’ என்று அவரே விளக்கம் சொல்கிறார். கி.பி. 411-ல் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜில் ஆயர் அகஸ்டினும், பரிசுத்தர் மட்டுமே சபை என்று பிரிந்துபோன டொனாட்டிஸ்டுகளும் உட்கார்ந்து வாதாடியபோதும் இந்த உவமை அடிபட்டது. நிலம் என்றால் சபையும்தான் என்று வாதாடிய அகஸ்டின்கூட சபை ஒழுங்கு நடவடிக்கையே கூடாது என்று சொன்னவர் இல்லை.

சரி, என்ன செய்வது? மத்தேயு 18:15–17. எல்லோருக்கும் மனப்பாடம், செய்கிறவர்கள் குறைவு.

முதல் படி, நீங்களும் அவரும் மட்டும். ஆராதனை முடிந்து வாசலில் செருப்புத் தேடுகிற நேரத்தில் அல்ல, வீட்டுக்குப் போய். ஃபோனில் வேண்டாம், வாட்ஸ்அப்பில் வேண்டவே வேண்டாம். ஒரே ஒரு விஷயம், தேதியோடு. ‘நீங்க எப்பவுமே இப்படித்தான்’ என்று ஆரம்பித்தால் அங்கேயே முடிந்தது. ‘அண்ணே, போன மாசம் ரெண்டாவது ஞாயிறு எண்ணின சீட்டுல 4,200 இருக்கு, பேங்க்ல 3,000 தான் ஏறியிருக்கு. மிச்சம் என்னாச்சுன்னு உங்ககிட்டயே கேட்டுடலாம்னு வந்தேன்’ – இவ்வளவு போதும். பாதி வழக்கு இங்கேயே முடியும், ஏனென்றால் மைக் செட் வாடகை வவுச்சர் அவர் சட்டைப் பையிலேயே மடங்கிக் கிடக்கும். கணக்கில் ஏற்ற மறந்திருப்பார். அந்த மறதிக்கும் காரணம் உண்டு: காணிக்கைப் பணத்தை வங்கியில் போடுவதற்கு முன்பே அதிலிருந்து எடுத்துச் செலவு செய்கிற பழக்கம். ஆராதனை முடிந்த கையோடு, ஒரே குடும்பத்தைச் சேராத மூன்று பேர் எண்ணி, நோட்டு வாரியாக இரண்டு பிரதி எழுதிக் கையெழுத்துப் போட்டு, திங்கட்கிழமை முழுத் தொகையையும் கட்டிவிட வேண்டும். செலவுக்குத் தனியாகப் பணம் எடுக்க வேண்டும். பை ஒருவர் வீட்டுக்கு ராத்தங்கப் போகிற சபையில் யோக்கியனும் திருடனும் வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரிதான் இருப்பார்கள்.

முதல் படியைக் கெடுப்பது எது தெரியுமா? ஜெபக் குறிப்பு. ‘இன்ன அண்ணனுக்காக ஜெபிச்சுக்கோங்க, விவரம் கேட்காதீங்க’ என்று ராத்திரி ஒன்பது மணிக்குக் குழுவில் ஒரு செய்தி. பத்து மணிக்குள் விவரம் தேவனாம்பட்டினம் வரை போயிருக்கும். பிறகு அவர் மனந்திரும்பினாலும் திரும்பி வர முகம் இருக்காது. சட்டமும் இருக்கிறது: பாரதிய நியாய சன்ஹிதா 356-ம் பிரிவின்படி அவதூறுக்கு இரண்டு வருடம் வரை சிறை உண்டு.

இரண்டாம் படி, ஒன்றிரண்டு பேரோடு. உங்கள் மச்சானைக் கூட்டிப் போகாதீர்கள். அவர் மதிக்கிற ஒருவராவது அதில் இருக்க வேண்டும். கூட வருகிறவர்கள் உங்களுக்கு வக்கீல் அல்ல. உபாகமம் 19:15 கேட்கிற சாட்சி. நீங்கள் சொல்வதே தவறு என்று அவர்களுக்குப் பட்டால் உங்களிடம் சொல்லும் தைரியம் வேண்டும். அன்றைக்கே அரைப் பக்கம் எழுதுங்கள். தேதி, இருந்தவர்கள், கேட்டது, அவர் சொன்ன பதில். திருட்டுத்தனமாக ஆடியோ பதிவு செய்யாதீர்கள். அது வெளியே வந்தால் பேச்சு முழுவதும் பதிவைப் பற்றியே போகும்.

மூன்றாம் படி, சபைக்குச் சொல்வது. லுத்தரன், சி.எஸ்.ஐ. போன்ற சபைகளில் ஐயருக்கும் (போதகருக்கு அங்கே அதுதான் பெயர்) சபைச் சங்கத்துக்கும் எழுத்தில் கொடுத்து, கையெழுத்தோடு ஒரு பிரதி வாங்கிக்கொள்ள வேண்டும். கத்தோலிக்கர் என்றால் பங்குச் சாமியார், அதற்கு மேல் ஆயரகம். 1983-ம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் 537 ஒவ்வொரு பங்குக்கும் நிதிக்குழு கட்டாயம் என்கிறது. 1347-ன்படி, முன்னதாக ஒரு முறையாவது எச்சரிக்காமல் ஒருவர்மேல் விலக்குத் தண்டனை விதித்தால் அது செல்லாது. ஆக, அங்கேயும் இதே படிகள்தான்.

குற்றச்சாட்டு போதகர்மேலேயே என்றால் 1 தீமோத்தேயு 5:19, 20. இரண்டு மூன்று சாட்சி இல்லாமல் எடுக்கக் கூடாது. நிரூபணமானால் எல்லோர் முன்பாகவும் கண்டிக்க வேண்டும். முதல் பாதியைப் பிரசங்கத்தில் கேட்டிருப்பீர்கள். இரண்டாம் பாதியைக் கேட்டிருக்க மாட்டீர்கள்.

சிக்கல், தனிச் சபைகளில். பெயர்ப் பலகை, வாடகை ஒப்பந்தம், வங்கிக் கணக்கு மூன்றும் போதகர் பெயரில் இருந்தால் ‘சபைக்குச் சொல்’ என்பதற்கு அங்கே சபையே இல்லை. அவர் வீட்டுக்கு நீங்கள் விருந்தாளி. பதிவு செய்த சங்கமா என்று கேளுங்கள். தமிழ்நாட்டில் 1975-ம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டம், புதுச்சேரியில் 1860-ம் ஆண்டுச் சட்டம். இன்னும் சுலபமான சோதனை ஒன்று உண்டு. பீடத்தில் ஒட்டியிருக்கும் க்யூஆர் அட்டையை ஸ்கேன் செய்து, பணம் அனுப்பாமல் வருகிற பெயரை மட்டும் படியுங்கள். சபை பெயர் வருகிறதா, ஐயாவின் சம்சாரம் பெயர் வருகிறதா? வெளிநாட்டுக் காணிக்கை என்றால், வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பிறகு அது ஸ்டேட் வங்கியின் புதுதில்லி முதன்மைக் கிளைக் கணக்கில்தான் முதலில் இறங்க வேண்டும்.

இதொன்றும் புதுச் சந்தேகபுத்தி இல்லை. ஆதி சபையின் கையேடான டிடாக்கே – 1873-ல் கான்ஸ்டான்டிநோபிளில் கண்டெடுத்தார்கள் – ஊர் ஊராக வரும் ஊழியரை ஒரு நாள், தேவைப்பட்டால் இரண்டு நாள் தங்க வைக்கச் சொல்கிறது. மூன்றாம் நாளும் தங்கினால் கள்ளத்தீர்க்கதரிசி. புறப்படும்போது ரொட்டி வாங்கிக்கொள்ளலாம், பணம் கேட்டால் கள்ளத்தீர்க்கதரிசி. அவ்வளவு பச்சையாக எழுதியிருக்கிறது.

மூன்று படியும் பொருந்தாத இடம் ஒன்று உண்டு, இதில் எனக்குச் சமரசமே இல்லை. குழந்தைமேல் கை வைத்தவனிடம் ‘தனித்திருக்கையில் உணர்த்து’ என்று போகாதீர்கள். உடனே 1098 (குழந்தைகள் உதவி எண்) அல்லது போலீஸ். போக்சோ சட்டம் 19-ம் பிரிவின்படி தெரிந்தவர் சொல்லியே ஆக வேண்டும். மறைத்தால் 21-ம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை, நிறுவனத் தலைவர் மறைத்தால் ஒரு வருடம் வரை. ‘சபை பெயர் கெட்டுவிடும்’ என்று மூப்பர்கள் வந்து உட்கார்ந்தால் இந்த இரண்டு பிரிவையும் வாசித்துக் காட்டுங்கள்.

இப்போது என் வயிற்றெரிச்சல். கேள்விக்குச் சம்பந்தமில்லை என்பவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். நம் பக்கத்தில் ‘போலிக் கிறிஸ்தவன்’ என்ற பட்டம் அதிகமாக விழுவது யார்மேல்? சான்றிதழில் இந்து என்று வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வருகிற சேரிக்காரன்மேல். அவன் ஏன் அப்படி இருக்கிறான்? 1950-ம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களுக்கு மட்டும் கொடுத்தது. 1956-ல் சீக்கியரையும் 1990-ல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவனைச் சேர்க்கவில்லை. ஞானஸ்நானம் எடுத்தால் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் (பி.சி.) பட்டியலுக்குப் போக வேண்டும். ஊர்க்காரன் பார்வையில் சாதி மட்டும் அப்படியே இருக்கும். 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் புதுச்சேரியிலிருந்து போன ஒரு வழக்கில், வேலைக்காக மட்டும் மதம் சொல்வது மோசடி என்று சொல்லிவிட்டது. பொய்ச் சான்றிதழ் வாங்குங்கள் என்று நான் சொல்லவில்லை, திரிக்காதீர்கள். ஆனால் அவனைப் போலி என்கிற அதே வாய், கல்லறையில் தனி வரிசை வைத்திருக்கிறவனைப் ‘பாரம்பரியக் கிறிஸ்தவர்’ என்கிறது.

பாரம்பரியம் என்றால் இதுவும் பாரம்பரியம்தான்: புதுச்சேரிச் சம்பா கோயிலுக்குள் ஒடுக்கப்பட்டவர்களைப் பிரிக்க ஒரு சுவர் இருந்ததையும், அவர்கள் பெரிய சாமியாரிடம் போய் முறையிட்டு அது இடிபட்டதையும் ஆனந்தரங்கப் பிள்ளை 1745-ல் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். அதற்கும் முன்னால், 1704-ல், ரோமிலிருந்து வந்த தூதர் துர்னோன் புதுச்சேரியிலேயே ஒரு தீர்ப்பு வெளியிட்டார். பிள்ளையார் உருவம் போட்ட தாலி கூடாது, நெற்றியில் சாம்பல் கூடாது என்று அதில் நீளமாகப் பட்டியல் உண்டு. சாகக் கிடக்கிற பறையர் வீட்டுக்குள் குருக்கள் போயே ஆக வேண்டும் என்பதும் அதே தீர்ப்பில் இருக்கிறது. முன்னூறு வருடமாக நாம் தாலியையும் பொட்டையும் பூவையும் மட்டும் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மூன்று படியும் முடிந்து, கேட்கவில்லை என்றால்? 1 கொரிந்தியர் 5:11 அப்படிப்பட்டவனோடு சாப்பிடவும் கூடாது என்கிறது. நடைமுறையில், திருவிருந்து இல்லை, பொறுப்பு இல்லை, ஓட்டு இல்லை, மேடை இல்லை. ஆராதனைக்கு வந்து பின்னால் உட்கார்ந்து வசனம் கேட்கலாம். அவர் பிள்ளைகளை ஞாயிறு பள்ளியிலிருந்து நிறுத்தக் கூடாது. வீட்டில் சாவு விழுந்தால் அடக்கத்துக்குப் போக வேண்டும். கல்லறை இடத்தை மறுத்துப் பழிவாங்குவது சபை ஒழுங்கு இல்லை, ரவுடித்தனம். 2 தெசலோனிக்கேயர் 3:15-ல் சத்துருவாக எண்ணாமல் சகோதரனாக எண்ணிப் புத்திசொல்லுங்கள் என்றிருக்கிறது. உபதேசத்தைப் புரட்டுகிற போதகருக்கு மட்டும் இன்னும் கடுமை: 2 யோவான் 10-ன்படி வீட்டில் ஏற்றாதீர்கள், அதாவது வீட்டுக் கூட்டம் நடத்த இடம் கொடுக்காதீர்கள். தாகத்துக்குத் தண்ணீர் கேட்டால் கொடுக்கலாம்.

பெயர்க் கிறிஸ்தவர்களிடம் இது எதுவும் தேவையில்லை. அவர்கள் வீட்டுக்கு யாராவது கடைசியாக எப்போது போனீர்கள் என்று மட்டும் பாருங்கள்.

திரும்பி வருகிறவரை என்ன செய்வது என்று யாரும் கேட்பதில்லை. 2 கொரிந்தியர் 2:7-ல், மிதமிஞ்சிய துக்கத்தில் அவன் அமிழ்ந்துபோகாதபடி மன்னித்து ஆறுதல் சொல்லுங்கள் என்று பவுல் எழுதுகிறார். கண்டித்தது எத்தனை பேருக்குத் தெரியுமோ, சேர்த்துக்கொண்டதும் அத்தனை பேருக்கும் தெரிய வேண்டும். அறிவிப்பு நேரத்தில் இரண்டு வரி போதும். முதல் ஞாயிறு அவர் பக்கத்தில் யாராவது போய் உட்காருங்கள். கையாடின பணத்தைத் தவணையில் கட்டட்டும், ஒவ்வொரு தவணைக்கும் ரசீது கொடுங்கள். பாட்டுக் குழுவில் சேர்க்கலாம், வீட்டுச் சந்திப்புக்குக் கூட்டிப் போகலாம், அசன (சபை விருந்து) வேலையில் அண்டா கழுவச் சொல்லலாம். காணிக்கை எண்ணுகிற மேசைக்கு மட்டும் கூப்பிடாதீர்கள், அவரே கேட்டாலும்.