'டேக் ஆஃப்'புக்கு எதிர் 'டேக் ஆன்' இல்லை

கேள்வி: போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன். டெலிகிராமில் 250 ரூபாய்க்கு ஒரு பிடிஎஃப் வாங்கினேன். 'கிவ் அப்' எதிர் 'கிவ் இன்', 'டேக் ஆஃப்' எதிர் 'டேக் ஆன்' என்று 500 ஜோடிகள் இருக்கின்றன. அப்படியே மனப்பாடம் செய்துவிடலாமா சார்?

பதில்: வேண்டாம் தம்பி, முதலில் அதை மூடி வையுங்கள். 'கிவ் அப்' என்றால் முயற்சியைக் கைவிடுவது, 'கிவ் இன்' என்றால் எதிராளிக்குப் பணிந்துபோவது. இரண்டுமே தோற்றவன் செய்கிற காரியம், அதைப் போய் எதிரெதிராக நிறுத்தியிருக்கிறார் அந்தப் புண்ணியவான். முயற்சி என்றால் எதிர் 'கீப் ஆன்', அதாவது விடாமல் தொடர்வது. சிகரெட் மாதிரிப் பழக்கம் என்றால், விட்டது 'கேவ் அப்', பிடித்தது 'டுக் அப்'.

தமிழிலேயே பாருங்களேன். 'கைகொடுத்தான்' என்பதற்கு எதிர் 'கைவிரித்தான்'. கொடுப்பதற்கு எதிர் எடுப்பதுதானே என்று 'கையெடுத்தான்' என எழுதினால் கும்பிட்டான் என்றாகிவிடும். ஆங்கிலத்திலும் இதே கதைதான், பின்னால் ஒட்டியிருக்கும் குட்டிச் சொல்லை மட்டும் திருப்பிப் போட்டால் வேலைக்கு ஆகாது. சட்டையைக் கழற்றுகிற 'டேக் ஆஃப்'புக்கு எதிர் 'புட் ஆன்', விமானத்துக்கு 'லேண்ட்'. 'டேக் ஆன்' என்பது வேலைக்கு ஆள் எடுப்பது, அதற்கு எதிர் ஆட்குறைப்பு செய்கிற 'லே ஆஃப்'. சுவிட்ச், சத்தம் போன்றவற்றில் ஆன்-ஆஃப், அப்-டவுன் சரியாக வரும், அங்கே பயமில்லை.

எல்லாரும் விழுகிற குழி 'கோ ஆஃப்'. விளக்கு 'வென்ட் ஆஃப்' என்றால் அணைந்தது, எதிர் 'கேம் ஆன்'. ஆனால் அலாரம் 'வென்ட் ஆஃப்' என்றால் அடித்தது! என் மாணவன் ஒருவன் அலாரம் 'வென்ட் ஆஃப்', அதனால் தூங்கிவிட்டேன் என்று லீவ் லெட்டரே எழுதினான். குண்டு 'வென்ட் ஆஃப்' என்றால் வெடித்தது, பால் என்றால் கெட்டுப்போனது. சரி, அலாரத்துக்கு எதிர் 'வென்ட் ஆன்' ஆகுமா? ஆகாது, அது விடாமல் அடித்துக்கொண்டே இருந்தது என்றாகிவிடும். 'டிடின்ட் கோ ஆஃப்', அவ்வளவுதான், தனியாக எதிர்ச்சொல் கிடையாது.

'கிக் தி பக்கெட்' (செத்துப்போவது) மாதிரி மரபுத்தொடர்களுக்கு எதிர் தேடி மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள். 'ஸ்பில் தி பீன்ஸ்' என்றால் ரகசியத்தைப் போட்டு உடைப்பது, அதற்கு எதிராக, வாயே திறக்காமல் இருக்கிற 'கீப் மம்' சொல்லலாம். அப்புறம், தள்ளிவைக்கிற 'புட் ஆஃப்'புக்கு எதிராக, முன்கூட்டியே வைப்பதற்கு நாம் சொல்கிற 'ப்ரீபோன்' ஆக்ஸ்ஃபோர்டு அகராதியில் இந்திய ஆங்கிலம் என்ற குறிப்போடு இருக்கிறது, இங்கே பேசத் தப்பில்லை. வெளிநாட்டுப் படிப்புக்கான ஆங்கிலத் தேர்வான ஐஇஎல்டிஎஸ் எழுதுகிறவர்கள் 'பிரிங் ஃபார்வர்ட்' என்றே எழுதுங்கள்.

வாக்கியமே தராமல் 'டேக் ஆஃப்' எதிர் என்ன என்று நாலு விடை போட்டு மாதிரித்தாள் தயாரிக்கிறார்களே, அவர்களை என்ன சொல்ல! சட்டையா விமானமா என்று தெரியாமல் எவன் பதில் சொல்வான்? அந்தத் தாள்களிலிருந்துதான் இந்த பிடிஎஃப் வியாபாரமே பிழைக்கிறது, ஒருவர் தப்பாக அடித்ததை இன்னொருவர் அட்டை மாற்றி விற்கிறார்.

ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் அகராதி இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. பல இடங்களில் எதிர்ச்சொல் உள்ள அர்த்தத்துக்குப் பக்கத்திலேயே 'ஆப்போசிட்' என்று குறித்திருப்பார்கள். தினம் ஐந்து எடுத்து, ஒவ்வொன்றுக்கும் சொந்தமாக ஒரு வாக்கியம் எழுதுங்கள். போன 250 போகட்டும், அதே ஆள் 'பாகம் 2' என்று மெசேஜ் அனுப்புவார், வாங்கிவிடாதீர்கள்.