தசை வலியை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பாரிமுனையில் ஒரு சரக்குப் போக்குவரத்து அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறேன். அலுவலக ஏற்பாட்டின்படி, வெளிநாட்டில் இருக்கும் பயிற்சியாளர் ஒருவர் இணையவழியில் எங்களுக்கு உடற்பயிற்சி கற்றுத் தருகிறார். முதல் வகுப்புக்கு மறுநாள், 'ஐ ஹேவ் சிவியர் லெக் பெயின் அண்ட் ஹிப் பெயின்' என்று அவருக்கு எழுதினேன். அவர் பதறிப்போய், மருத்துவச் சான்று தரும்வரை வகுப்பில் சேர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். எனக்கு இருந்ததோ ஸ்குவாட் செய்ததால் வந்த சாதாரண வலிதான். நான் எப்படி எழுதியிருக்க வேண்டும்?
– வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: அந்தப் பயிற்சியாளரைக் குறை சொல்ல இடமில்லை. தமிழில் 'வலி' என்ற ஒரே சொல் முள் குத்தியதிலிருந்து பிரசவம்வரை எல்லாவற்றையும் சுமக்கும். கூடவே 'நேற்று ஜிம்முக்குப் போனேன்' என்று ஒரு வார்த்தை சொன்னால் கேட்பவர் சிரித்துவிட்டுப் போய்விடுவார். ஆங்கிலத்தில், அதிலும் உடற்பயிற்சி, விளையாட்டு சார்ந்த பேச்சில், 'பெயின்' என்பதோடு எங்கோ அடிபட்டிருக்கலாம், ஏதோ கிழிந்திருக்கலாம், உடனே நிறுத்திப் பார்க்க வேண்டும் என்ற எச்சரிக்கையும் ஒட்டிக்கொண்டு வருகிறது. அதற்கு முன்னால் நீங்கள் 'சிவியர்' என்றும் சேர்த்துவிட்டீர்கள். பொறுப்புள்ள பயிற்சியாளர் எவரும் அதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க மாட்டார்.

பயிற்சி செய்த தசைகளில் மறுநாள் வரும் வலிக்கு ஆங்கிலத்தில் அன்றாடம் வழங்கும் சொல் 'ஸோர்' என்பது. 'மை தைஸ் ஆர் ரியலி ஸோர் ஃப்ரம் யெஸ்டர்டேஸ் ஸ்குவாட்ஸ்' என்று எழுதியிருந்தால், அவர் அடுத்த வகுப்பில் உங்களுக்கு மட்டும் சுமையைக் கொஞ்சம் குறைத்திருப்பார், வேறொன்றும் நடந்திருக்காது. அந்த வாக்கியத்தில் எந்தத் தசை, எவ்வளவு, எதனால், எப்போது என்ற நான்கும் அடங்கியிருப்பதைக் கவனியுங்கள். 'எதனால்' என்பதைச் சொல்ல 'ஃப்ரம்' போதும். 'பிகாஸ் ஆஃப்' என்று நீட்ட வேண்டியதில்லை.

ஸோர் என்பதை இங்கே பெயரடையாக மட்டுமே ஆள வேண்டும். 'ஐ ஆம் ஸோர்', 'மை ஆர்ம்ஸ் ஆர் ஸோர்' என்பவை சரி. 'ஐ ஹேவ் எ ஸோர்' என்றால் உங்கள் உடம்பில் புண் இருக்கிறது என்று பொருளாகிவிடும். பெயர்ச்சொல்லாக வேண்டுமானால் 'ஸோர்னஸ்' என்று ஒருமையில் எழுதுங்கள். அதற்குப் பன்மை கிடையாது. அமெரிக்கர்கள் ஒருவர் மேல் மனத்தாங்கலாக இருப்பதையும் 'ஸோர் அட்' என்று சொல்வார்கள், ஆனால் உடற்பயிற்சிப் பேச்சில் யாரும் அப்படிக் குழம்ப மாட்டார்கள்.

ஸோர் ஒன்றை வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட முடியாது. வடசென்னை வீடுகளில் நாம் இந்த வலிகளை எவ்வளவு நுணுக்கமாகப் பிரிக்கிறோம் என்று பாருங்கள்: கால் உளைகிறது, கடுக்கிறது, குடைகிறது, விண்விண் என்று தெறிக்கிறது, சதை கட்டிக்கொண்டது, உடம்பு அடித்துப் போட்டதுபோல் இருக்கிறது. இவற்றுள் உளைச்சலுக்கும் கடுப்புக்கும் 'ஏக்' பொருந்தும். கூர்மையில்லாமல், ஓயாமல், ஆழத்திலிருந்து வரும் வலி அது. நாள் முழுவதும் நின்று வேலை பார்த்தவர் 'மை லெக்ஸ் ஏக்' என்று சொல்வார். விண்விண் என்று தெறிப்பது 'த்ராபிங்'. குடைச்சலுக்கு நேர்ச்சொல் தேட வேண்டாம். 'எ டீப் ஏக்' என்றால் கேட்பவருக்குப் புரியும். சதை கட்டிக்கொண்டு, படியில் கால் வைக்கவே சிரமப்படும் நிலை 'ஸ்டிஃப்'. வலி அதிகமில்லை, ஆனால் தசை நீள மறுக்கிறது என்றால் 'டைட்'. சும்மா இருக்கும்போது ஒன்றுமில்லை, விரலால் அழுத்தினால் மட்டும் வலிக்கிறது என்றால் 'டெண்டர்'. மறுநாள் காலையில் பெரும்பாலோருக்கு இருப்பது 'ஸோர் அண்ட் ஸ்டிஃப்' என்ற இரட்டைதான்; அந்த இணைச்சொல்லை அப்படியே எடுத்துப் பயன்படுத்துங்கள்.

உடம்பு அடித்துப் போட்டதுபோல் இருப்பதை நம் ஜிம்களில் 'பாடி பெயின்' என்று சொல்கிறோம். அயல்நாட்டார் காதில் 'பாடி ஏக்ஸ்' என்பது காய்ச்சலோடும் சளியோடும் வருவது. பயிற்சியால் வந்ததென்றால் 'ஐ ஆம் ஸோர் ஆல் ஓவர்' என்று சொல்லிவிடுங்கள்.

இனி, உங்கள் கடிதத்தில் இருந்த இன்னொரு கோளாறைப் பார்ப்போம். என் கணிப்பில் பயிற்சியாளரை அதிகம் குழப்பியது அதுதான். நாம் 'இடுப்பு வலி' என்று சொல்லிக் கையை வைப்பது பெரும்பாலும் முதுகின் அடிப்பகுதியில். அதை 'ஹிப் பெயின்' என்று எழுதினால், தொடையெலும்பு இடுப்பெலும்போடு சேரும் மூட்டில் வலி என்று அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். அந்த மூட்டில் திடீரென்று கடும் வலி என்றால் யாருக்கும் கவலை வரத்தான் செய்யும். முதுகின் அடிப்பகுதி என்றால் 'லோயர் பேக்' என்று எழுதுங்கள். உண்மையிலேயே மூட்டுப் பகுதி என்றால் மட்டும் 'ஹிப்'. புட்டத்துத் தசை என்றால் 'க்ளூட்ஸ்'. பயிற்சியாளர்கள் கூச்சமின்றிப் பயன்படுத்தும் சொல் அது. ஸ்குவாட் செய்தவருக்கு முதலில் பிடிப்பதும் பெரும்பாலும் தொடையும் இந்தத் தசையும்தான்.

காலும் கையும் இதேபோல் சிக்கலானவை. தமிழில் தொடையிலிருந்து விரல்வரை எல்லாமே கால்; ஆங்கிலத்தில் கணுக்காலுக்கு மேலே 'லெக்', கீழே 'ஃபுட்'. தோளிலிருந்து விரல்வரை எல்லாமே நமக்குக் கை; அவர்களுக்கு மணிக்கட்டுக்கு மேலே 'ஆர்ம்', கீழே 'ஹேண்ட்'. டம்பெல் தூக்கிவிட்டு 'ஹேண்ட் பெயின்' என்று எழுதினால், உள்ளங்கையில் என்ன ஆயிற்று என்று அவர் கேட்பார். முன்தொடைக்கு 'குவாட்ஸ்', பின்தொடைக்கு 'ஹேம்ஸ்ட்ரிங்ஸ்', ஆடுசதைக்கு 'காவ்ஸ்' என்ற மூன்றையும் பழகிக்கொண்டால் கால் தொடர்பான முக்கால்வாசிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

இப்போது அவருக்கு நீங்கள் இப்படி எழுதலாம்: 'ஐ யூஸ்டு த ராங் வேர்ட்ஸ். மை குவாட்ஸ் அண்ட் லோயர் பேக் வேர் ஸோர் அண்ட் ஸ்டிஃப் த டே ஆஃப்டர் த க்ளாஸ். தேர் வாஸ் நோ ஷார்ப் பெயின் அண்ட் நோ ஸ்வெல்லிங்.' கடைசி வாக்கியம் முக்கியமானது. கூர்மையான வலியும் வீக்கமும் இல்லை என்று நீங்களாகவே சொல்லிவிட்டால், அவர் கேட்க நினைத்த முதல் இரண்டு கேள்விகளுக்கும் விடை கிடைத்துவிடும். அவை உண்மையிலேயே இல்லை என்றால் மட்டும் அப்படி எழுதுங்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி: மீன்பிடித் துறைமுகத்தில் வேலை, மாலையில் ஜிம்முக்கும் போகிறேன். சுளுக்கு, பிடிப்பு, நரம்பு இழுத்துக்கொள்வது ஆகிய மூன்றையும் ஆங்கிலத்தில் பிரித்துச் சொல்ல முடியுமா? நண்பர்கள் எல்லாவற்றுக்கும் 'கேட்ச்' என்கிறார்கள்.
– வாசகர், காசிமேடு

பதில்: முடியும், பிரித்துத்தான் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் ஸோர் என்பது அடிபடாத வலி. நீங்கள் கேட்ட சுளுக்கு அடிபட்ட வலி. அதையும் அவர்கள் இரண்டாக்கி வைத்திருக்கிறார்கள். கணுக்கால் மடங்கி, எலும்போடு எலும்பைக் கட்டியிருக்கும் தசைநார் இழுபட்டால் அது 'ஸ்ப்ரெயின்'. தசையோ, தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணோ இழுபட்டால் அது 'ஸ்ட்ரெயின்'. பேச்சில் 'ஐ புல்டு எ மஸில்' என்று சொல்வார்கள். ஆகவே கணுக்கால் சுளுக்கு ஸ்ப்ரெயின். பின்தொடையில் ஓடும்போது சுரீர் என்று இழுத்தது ஸ்ட்ரெயின். தூங்கி எழுந்தபோது கழுத்தைத் திருப்ப முடியவில்லை என்றால் இரண்டும் வேண்டாம். 'எ ஸ்டிஃப் நெக்' போதும்.

நரம்பு இழுத்துக்கொண்டது என்று நாம் சொல்வது பெரும்பாலும் ஆடுசதை திடீரென்று கல்லாக இறுகி, சில நிமிடங்களில் தானாகவே தளர்வதை. அதற்கு 'கிராம்ப்' என்று பெயர். அமெரிக்கர் சிலர் 'சார்லி ஹார்ஸ்' என்றும் சொல்வார்கள். இதை 'நெர்வ் புல்லிங்' என்று மொழிபெயர்த்துவிடாதீர்கள். தமிழில் நரம்பு என்பது பேச்சுவழக்கில் தசைநாண், இரத்தக்குழாய் எல்லாவற்றுக்கும் பொதுவாகிவிட்டது, ஆங்கிலத்தில் 'நெர்வ்' அப்படியில்லை. மருத்துவர் அதைக் கேட்டால் தண்டுவடத்தைப் பற்றி விசாரிக்க ஆரம்பித்துவிடுவார். கால் மரத்துப்போய் ஊசி குத்துவதுபோல் இருப்பதுதான் நரம்போடு தொடர்புடையது. அது 'பின்ஸ் அண்ட் நீடில்ஸ்'.

'கேட்ச்' என்ற சொல் ஆங்கிலத்திலும் உண்டு, ஆனால் ஓர் அசைவின் நடுவில் சடக்கென்று மாட்டிக்கொள்வதுபோன்ற வலிக்கு மட்டும். முதுகு, விலா ஆகியவற்றில் மூச்சுப் பிடித்துக்கொண்டதற்கு அது ஓரளவு பொருந்தும். பிடிப்பு எல்லாவற்றையும் வாயுப்பிடிப்பு என்று சொல்லி, 'கேஸ் பெயின் இன் த ஷோல்டர்' என்று எழுதும் பழக்கமும் நம்மிடம் உண்டு. தோளில் எப்படிக் காற்று போகும் என்று அயல்நாட்டார் விழிப்பார்கள். அதைவிட முக்கியமாக, எடை தூக்கும்போதோ ஓடும்போதோ நெஞ்சை அடைத்து, இடது தோளுக்கோ தாடைக்கோ வலி பரவினால், வாயு என்று பெயர் வைத்துக்கொண்டு இஞ்சிச்சாறு குடிக்க உட்காராமல் 108-ஐ அழையுங்கள்.

கேள்வி: வியாசர்பாடியில் பிள்ளைகளுக்குக் கால்பந்து கற்றுத் தருகிறேன். வெளிநாட்டு இயன்முறை மருத்துவர் ஒருவர் எங்களுக்கு மின்னஞ்சலில் ஆலோசனை தருகிறார். 'லாக்டிக் ஆசிட் பெயின்' என்று நான் எழுதியதை அவர் 'டாம்ஸ்' என்று திருத்தினார். அது என்ன?
– வாசகர், வியாசர்பாடி

பதில்: அவர் திருத்தியது சரி. 'டிலேய்டு ஆன்செட் மஸில் ஸோர்னஸ்' என்பதன் முதலெழுத்துகள் அவை. தாமதமாகத் தொடங்கும் தசை வலி என்று பொருள். பயிற்சி முடித்த உடனே தெரியாமல், பொதுவாக 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைகாட்டி, 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போய், சில நாட்களில் தானாக அடங்கும். அமெரிக்க உடலியங்கியல் அறிஞர் தியோடர் ஹஃப் 1902-ஆம் ஆண்டிலேயே இதைப் பற்றி எழுதி, தசைக்குள் ஏற்படும் நுண்ணிய சிதைவே காரணமாக இருக்கலாம் என்று கருதினார்.

லாக்டிக் அமிலத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. கடும் பயிற்சியில் சேரும் அது, பயிற்சி முடிந்த ஒரு மணி நேரம் போலத் தசைகளிலிருந்து விலகிவிடுகிறது. மறுநாள் காலை வரும் வலிக்கு அதைக் குற்றவாளியாக்க முடியாது. ஓடிக்கொண்டிருக்கும்போதே தொடை எரிவதுபோல் இருக்கிறதே, அதற்கு ஆங்கிலத்தில் 'பர்ன்' என்று பெயர். ஓடி முடித்தவுடன் கால் வெடவெடத்துத் துவண்டால் 'மை லெக்ஸ் ஃபீல் லைக் ஜெல்லி' என்பார்கள். மூன்றுக்கும் மூன்று வேளை. ஆகவே அந்த மருத்துவருக்கு எழுதும்போது 'ட்யூரிங்', 'ரைட் ஆஃப்டர்', 'த நெக்ஸ்ட் டே' என்று நேரத்தைக் குறிக்க மறக்காதீர்கள். வலியின் பெயர் தவறினாலும் நேரத்தை வைத்து அவர் கண்டுபிடித்துவிடுவார்.

எந்த அசைவு இதை அதிகம் தருகிறது என்பது உங்களுக்குப் பயன்படும். சுமையைத் தாங்கிக்கொண்டே தசை நீளும் அசைவுகளில்தான் இந்த வலி மிகுதி: டம்பெல்லை மெதுவாக இறக்குவது, ஸ்குவாட்டில் கீழே போவது, ஓடிவந்து சடக்கென்று நிற்பது, படி இறங்குவது. மெட்ரோ நிலையப் படிகளில் பிள்ளைகளை ஏறி இறங்க விட்டால், மூச்சு வாங்குவது ஏறும்போது. மறுநாள் முன்தொடையைப் பிடிப்பது பெரும்பாலும் இறங்கியதற்காக. அதே பயிற்சியைச் சில நாட்கள் இடைவெளியில் மறுபடி செய்யும்போது வலி கணிசமாகக் குறைந்துவிடும். முதல் வாரத்தில் வலிக்குப் பயந்து ஓடும் பிள்ளைகளிடம் இதைச் சொல்லி வையுங்கள்.

ஒன்றை மட்டும் டாம்ஸ் என்று தட்டிக்கழிக்க வேண்டாம். வழக்கத்துக்கு மீறிய பயிற்சிக்குப் பின் தசை வீங்கி, வலி தாங்க முடியாததாகி, சிறுநீர் கடுந்தேநீர் நிறத்தில் போனால், தசைச் செல்கள் உடைந்து அவற்றின் சரக்கு இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைத் தாக்குகிறது என்று ஐயப்பட வேண்டும். அதற்கு 'ராப்டோமயோலிசிஸ்' என்று பெயர். அப்போது மின்னஞ்சல் எழுதிக்கொண்டிராமல், ஸ்டான்லி மருத்துவமனையோ அருகிலுள்ள வேறெந்த மருத்துவமனையோ, உடனே கூட்டிச்செல்லுங்கள்.

கேள்வி: 'மை லெக் இஸ் பெயினிங்' என்பது தவறு என்று கல்லூரியில் சொல்கிறார்கள். 'ஐ ஆம் பெயின்ஃபுல்' என்று எழுதலாமா?
– மாணவி, பெரம்பூர்

பதில்: முதலாவது இந்திய ஆங்கிலத்தில் பரவலாக வழங்குவது, நமக்குள் பேசும்போது அதனால் ஒரு நட்டமும் இல்லை. அயல்நாட்டாருக்கு எழுதும்போது 'மை லெக் ஹர்ட்ஸ்' என்று மாற்றிக்கொள்ளுங்கள். இரண்டாவதை எங்கும் எழுத வேண்டாம். மற்றவர்களுக்கு வலியைத் தருபவள் நான் என்று அதற்குப் பொருள். வலி இருக்கும் உறுப்பைத்தான் அந்தச் சொல்லால் குறிக்கலாம்: 'மை நீ இஸ் பெயின்ஃபுல்'. முழங்கால் மூட்டைப் பற்றியே எழுதுகிறீர்கள் என்றால் அங்கே ஸோர் என்று மென்மையாக்கவும் வேண்டாம். மூட்டில் வரும் வலியை வலி என்றே எழுதி, அடுத்த பயிற்சிக்கு முன் ஒருவரிடம் காட்டிவிடுங்கள்.