திருவிழா முடிந்தும் ஒரு காது கூவுகிறதா?

கேள்வி: 19 வயது மகன் சவுண்ட் சேர்விஸில் வேலை. கோயில் திருவிழாவில் இரண்டு இரவு ஸ்பீக்கர் பொக்ஸுக்கு முன்னால் நின்றான். மூன்று நாளாக வலது காது அடைத்துக் கூவுகிறது. உள்ளி எண்ணெய் விட்டோம். காதின் கலங்களைக் காக்கும் என்று இணையத்தில் பார்த்து ஏதோ குளிசை எடுக்கிறான். அரிசி ஆலையில் வேலை செய்யும் கணவருக்கு 2009இல் செல் குண்டு விழுந்து ஒரு காது போனது. பரம்பரையாக வருமா? போனைக் காதில் வைத்துப் பேசுவதாலா?
– ஒரு தாய், புதுக்குடியிருப்பு

பதில்: அம்மா, வாசித்த கையோடு மகனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். கிளினிக் நாள் பார்க்க வேண்டாம். "காது கூவுது" என்று மட்டும் சொன்னால் சொட்டு மருந்தோடு அனுப்பிவிடக்கூடும். "மூன்று நாளாக ஒரு காது சரியாகக் கேட்கவில்லை" என்று சொல்லுங்கள்.

பெரிய சத்தத்துக்குப் பிறகு இரண்டு காதும் இரைவது வழமை; அநேகமாக ஓரிரு நாளில் அடங்கிவிடும். ஒரு பக்கம் மட்டும் மூன்று நாள் அடைத்திருந்தால் உட்காது பாதிக்கப்பட்டிருக்கலாம். காது அழுக்காகவும் இருக்கலாம், ஆனால் அதை உள்ளே பார்த்துத்தான் சொல்ல வேண்டும். வாயை மூடி 'ம்ம்ம்' என்று முனகச் சொல்லுங்கள். சத்தம் நல்ல காதுப் பக்கம் அதிகமாகக் கேட்டால் இன்னும் அவசரம். இப்படியானவர்களுக்கு ஸ்டெரொயிட் மாத்திரை கொடுப்போம். முதல் சில நாட்களில் தொடங்கினால்தான் பலன் கூட. இரண்டு கிழமை போனால் நம்பிக்கை வெகுவாகக் குறையும். இதை வாசித்துவிட்டு பார்மசியில் அந்த மாத்திரையை நீங்களே வாங்கிக் கொடுக்க வேண்டாம்!

செல் சத்தத்தில் போன காது பிள்ளைக்கு வராது. போனும் காரணமில்லை. எண்ணெயை இன்றே நிறுத்துங்கள். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் உள்ளே போய்ச் சீழ் பிடிக்கலாம்.

குளிசை கதைக்கு வருவோம். சத்தத்தை உணரும் மயிர்க் கலங்கள் ஒரு காதில் ஏறக்குறைய 15,000தான் இருக்கின்றன. செத்தால் மனிதருக்குத் திரும்ப முளைக்காது. மக்னீசியம், அசிட்டைல்சிஸ்டீன் எல்லாம் எலியின் காதில் நல்ல பலன் காட்டின. மனிதரில் சத்தத்திலிருந்து காதைக் காக்கும் என்று அங்கீகரிக்கப்பட்ட மருந்து ஒன்றுகூட இல்லை. அந்தக் காசுக்கு நுரைப்பஞ்சுக் காதடைப்பான் எத்தனையோ வாங்கலாம். சாதாரணப் பஞ்சு உதவாது.

85 டெசிபல் சத்தத்தில் எட்டு மணி நேரம் நிற்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும்; 100 டெசிபலில் கால் மணி நேரம்தான். பொக்ஸுக்கு முன்னால் அதைத் தாண்டிவிடும். தம்பி இனி பொக்ஸுக்குப் பின்னால், தள்ளி நிற்கட்டும். காதடைப்பான் இல்லாமல் போக வேண்டாம். செவிப் பரிசோதனை முடியும்வரை வேலையே வேண்டாம்.

கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். மிஞ்சிய ஒரு காதோடு ஆலை இரைச்சலில் நிற்கிறார். அந்தக் காதை யாராவது பரிசோதித்தார்களா என்று நீங்கள் எழுதவேயில்லை.