ஆதாமுக்கு முன்பே மரணமா?

"பூமி பழையது என்றால் ஆதாமுக்கு முன்பே சாவு இருந்திருக்கும், அப்புறம் சிலுவை எதற்கு" என்று வாலிபர் கூட்டத் தலைவர் கேட்டாராம், அதற்காக நிலவியல் படிப்பையே விட்டுவிடலாமா என்கிறீர்களே பிரதர், அவசரப்படாதீர்கள். பாவத்தால் மரணம் வந்தது என்னும் ரோமர் 5:12 பேசுவது மனுஷருக்கு வந்த மரணத்தை, டைனோசரை அல்ல. சங்கீதம் 104-இல் பாலசிங்கங்கள் இரைக்காகக் கெர்ச்சித்து தேவனிடம்தான் ஆகாரம் தேடுகின்றன. ஆதியாகமம் 1:30-இல் மிருகங்களுக்குப் பசும்பூண்டுதானே ஆகாரம் என்று தலைவர் திருப்பிக் கேட்பார். நியாயமான கேள்விதான், சிருஷ்டியே அழிவுக்கு அடிமைப்பட்டிருக்கிறது என்னும் ரோமர் 8-ம் கொஞ்சம் அவர் பக்கம் சாயும்.

ஆனால் பழைய பூமி என்றாலே விசுவாசத் துரோகம் என்பது அநியாயம். புகழ்பெற்ற ஆங்கிலேய பாப்டிஸ்ட் பிரசங்கி ஸ்பர்ஜனே 1855-இல் ஒரு பிரசங்கத்தில் ஆதாமுக்குப் பல மில்லியன் வருஷம் முன்பே பூமி உண்டானது என்றிருக்கிறார், அவரையும் சபையை விட்டு நீக்குவார்களா? உலகம் உண்டானது கி.மு. 4004-இல் என்பது பேராயர் அஷர் போட்ட கணக்கு, வசனம் இல்லை. செமஸ்டர் ஃபீஸைக் கட்டுங்கள்.