எம்.பி.ஏ. கடனுக்குக் கையெழுத்துப் போடும் முன்

அன்புள்ள ஐயா,

பி.எஸ்சி. உளவியல் முடிக்கப்போகும் மகளை எம்.பி.ஏ. எச்.ஆரில் சேர்க்கச் சொல்லி அவளுடைய மாமா வற்புறுத்துகிறார், தனியார் கல்லூரியில் 12 லட்சம் கேட்கிறார்கள், சேர்க்காவிட்டால் அவள் எதிர்காலம் என்ன ஆகுமோ என்று பெரம்பூரிலிருந்து வந்து கேட்டீர்கள். ஆறுதல் சொல்லி அனுப்பினால் பயனில்லை. அந்தக் கடனை வாங்காதீர்கள்.

12 லட்சத்துக்கு 10 சதவீத வட்டி, 7 ஆண்டு என்றால் மாதத் தவணை ஏறக்குறைய 20,000 ரூபாய். படிக்கும் காலத்து வட்டி தனி. 7.5 லட்சத்துக்கு மேல் போனால் வங்கி பொதுவாக அடமானம் கேட்கும். உங்கள் வீட்டுப் பத்திரம்தான் போகும். படித்து முடித்தவள் பிடித்த வேலையைத் தேட முடியாது, தவணை கட்ட எது கிடைக்கிறதோ அதில் உட்கார வேண்டியதுதான். மாமா நல்ல மனதோடுதான் சொல்கிறார். ஆனால் தவணை கட்டப்போவது அவர் இல்லை.

அன்று நாம் பேசியபோது உங்கள் மகள் அதிகம் வாய் திறக்கவில்லை. உளவியல் சோதனைகள் பாடத்தைப் பற்றிக் கேட்டதும்தான் பேசினாள். நன்றாகப் படிக்கும் பிள்ளைகளே ஒரு கேள்வியைத் தவறவிட்டால், கோளாறு பெரும்பாலும் அந்தக் கேள்வியில்தான் இருக்கும் என்றாள். இதைச் சொல்லத் தெரிந்த பெண்ணைக் கொண்டுபோய் வேறெங்கோ சேர்க்கப் பார்க்கிறீர்கள்.

கவுன்சலிங், கிளினிக்கல் பக்கமெல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விட்டுவிடுகிறேன். நான் சொல்வது பணியாளர் மதிப்பீடு. ஒரு வேலைக்கு யார் பொருத்தம் என்று அளக்கும் தொழில். மாநகரப் பேருந்துக்கு ஓட்டுநர் எடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஷிப்டில் ஓட்டுநர் என்னென்ன செய்கிறார் என்று கூடவே போய்ப் பார்ப்பது, டிப்போவில் கேட்டுப் பட்டியல் போடுவது, இதுதான் முதல் வேலை. அந்தப் பட்டியலிலிருந்துதான் தேர்வே உருவாகும். நேர்முகத்தில் எல்லோருக்கும் ஒரே கேள்விகள். எந்த மாதிரிப் பதிலுக்கு எத்தனை மதிப்பெண் என்று முன்பே எழுதிவைத்திருப்பார்கள். அப்புறம், அதிக மதிப்பெண் வாங்கியவர்கள் வேலையிலும் அப்படித்தான் செய்கிறார்களா என்று புள்ளியியல் வைத்துச் சரிபார்ப்பார்கள். 2022-இல் அமெரிக்க உளவியலாளர் பால் சாக்கெட்டும் அவருடைய குழுவும் பழைய ஆய்வுகளை மறுபடி கணக்கிட்டபோது, வேலைத்திறனை முன்கூட்டிக் காட்டுவதில் இப்படித் திட்டமிட்டு நடத்தும் நேர்முகம்தான் முதலிடத்தில் வந்தது.

வேலை எங்கே என்பீர்கள். வங்கித் தேர்வுகளை நடத்தும் மும்பை ஐ.பி.பி.எஸ்., உளவியலில் முதுகலை முடித்தவர்களை ஆய்வுப் பணிக்கு எடுக்கிறது. டெல்லியில், ராணுவத்துக்கான ஆய்வு அமைப்பான டி.ஆர்.டி.ஓ.வின் உளவியல் ஆய்வு நிறுவனம் இருக்கிறது. ராணுவ அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் எஸ்.எஸ்.பி. என்ற தேர்வு வாரியத்தில் மதிப்பிடுபவர்களில் ஒருவர் உளவியலாளர். நிறுவனங்களுக்குத் தேர்வு தயாரித்துத் தரும் தனியார் கம்பெனிகளும் உண்டு. இந்தத் துறை சிறியது, ஆரம்பச் சம்பளம் மாமா சொல்லும் தொகையாக இருக்காது. ஆனால் தேர்வு வைத்து ஆள் எடுப்பதில் நம் ஊர் பழையது. 1929-இலேயே மாகாண அளவில் முதல் தேர்வாணையம் சென்னையில்தான் வந்தது.

படிப்புக்குச் சேப்பாக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் உளவியல் துறை இருக்கிறது. முதுகலைக்கு அங்கே விண்ணப்பிக்கட்டும்.

கூடவே இன்னொன்று. இது நம் வீடுகளில் யாருக்கும் தோன்றாது. அமெரிக்காவில் சர்வதேசப் பணியாளர் மதிப்பீட்டு மன்றம், சுருக்கமாக ஐபாக், என்று ஒன்று இருக்கிறது. காவல்துறை, தீயணைப்பு போன்ற அரசு வேலைகளுக்குத் தேர்வு தயாரிப்பவர்கள் அதில் நிறையப் பேர். வேலையோடு தொடர்பில்லாத தேர்வு வைத்துக் கறுப்பின மக்களை அதிக அளவில் கழித்துக்கட்டக் கூடாது என்று 1971-இல் கிரிக்ஸ் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. அதிலிருந்து, தேர்வு வேலையோடு தொடர்புடையதுதான் என்று காட்டுவதும் தேர்வு தயாரிக்கும் இவர்கள் வேலையாகிவிட்டது. இது போன்ற சங்கங்களின் உறுப்பினர் செய்திகளைத் தொடர்ந்து படித்தாலே, இந்தத் தொழிலில் இப்போது எதைப் பற்றிச் சண்டை நடக்கிறது என்று தெரிந்துவிடும்.

இன்னும் முக்கியம் தன்னார்வப் பணி. இந்தச் சங்கங்களின் வேலையில் பெரும்பகுதியை உறுப்பினர்களே சம்பளமில்லாமல் செய்கிறார்கள்: மாநாட்டுக்கு வரும் கட்டுரைச் சுருக்கங்களைப் படித்து மதிப்பிடுவது, செய்திமடலுக்கு எழுதுவது, இணையக் கருத்தரங்குக்கு ஏற்பாடு செய்வது. ஆள் தேவை என்று அழைப்பு வரும்போது பலர் கண்டுகொள்ளாமல் போய்விடுவார்கள். அங்கேதான் உங்கள் மகள் கை தூக்க வேண்டும். எடுத்த எடுப்பில் கட்டுரையை மதிப்பிடச் சொல்ல மாட்டார்கள். குறிப்பெடுப்பது, செய்தி தொகுப்பது போன்ற வேலை வரலாம். வரட்டும். அந்த வேலையில்தான் தொழில் தெரிந்தவர்கள் அவள் பெயரைத் தெரிந்துகொள்வார்கள். எச்.ஆர். பட்டம் எத்தனையோ பேரிடம் இருக்கிறது. இந்தப் பழக்கம் அவர்களில் மிகச் சிலரிடம்தான் இருக்கும்.

இரண்டு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். மாணவர் உறுப்பினர் கட்டணம் எவ்வளவு என்று கேட்டு, கைக்கு அடக்கமாக இருந்தால் மட்டும் கட்டுங்கள். வெளிநாட்டு மாநாட்டுக்கு விமான டிக்கெட் போடாதீர்கள், அது இப்போது தேவையில்லை. அமெரிக்காவின் கிழக்குப் பகுதி நேரப்படி மதியம் நடக்கும் இணையக் கருத்தரங்கு நமக்கு இரவு பத்தரை, பதினொன்று ஆகிவிடும். விளக்கை அணைத்துவிட்டுப் படு என்று அந்த நேரத்தில் அவளைத் திட்டாதீர்கள்.

சங்கத்துக்கு எழுதும் முதல் மின்னஞ்சல் நான்கு வரி போதும்: என்ன படிக்கிறாள், புள்ளியியலில் என்ன தெரியும், வாரத்துக்கு எத்தனை மணி நேரம் தர முடியும், எந்த வேலைக்குத் தயார். அதை அவளே எழுதட்டும். மாமாவிடம் காட்டித் திருத்தி வாங்க வேண்டாம்.