வாசகர் கேள்வி: இலவசமாக வாங்கி விற்கலாமா?

கேள்வி: மகளைப் பார்க்க இங்கிலாந்து போயிருந்தேன். பழைய துணிமணி, பாத்திரமெல்லாம் மூட்டை கட்டி ஒரு சாரிட்டி ஷாப்பில் கொடுத்தாள். ஏழைகளுக்குக் கொடுப்பார்கள் என்று பார்த்தால், விலைச்சீட்டு ஒட்டி விற்கிறார்கள்! இது என்ன தர்மம்?
- ஒரு வாசகி, மதுரை

பதில்: கோபம் நியாயம்தான், ஆனால் அங்கே தர்மம் கல்லாப்பெட்டியில்தான் தொடங்குகிறது. உங்கள் மகளின் பழைய கோட்டு விற்ற காசு, கடை எந்த அமைப்புடையதோ அதைப் பொறுத்து, இதயநோய் ஆராய்ச்சிக்கோ புற்றுநோய் ஆராய்ச்சிக்கோ பஞ்ச நிவாரணத்துக்கோ போகும். இப்படிக் கடை நடத்தும் தொண்டு அமைப்புகளில் ஒன்றான ஆக்ஸ்ஃபாம் 1942-இல், போர் நடந்துகொண்டிருந்தபோது, கிரேக்க நாட்டில் பட்டினி கிடந்தவர்களுக்காக ஆக்ஸ்ஃபோர்டில் தொடங்கியது. 1947-இல் அதே ஊர் பிராட் ஸ்ட்ரீட்டில் கடை போட்டார்கள். பட்டினி கிடப்பவனுக்கு நம் பழைய கம்பளிச் சட்டையைவிட அதை விற்ற காசு உதவும், இல்லையா?

அதற்காகப் பில் தொகை முழுதும் நற்பணிக்கே போகிறது என்றும் நினைக்க வேண்டாம். கடை வரியில் 80 சதவீதம் தள்ளுபடி, நன்கொடையாக வந்த பொருளை விற்றால் வாட் வரி கிடையாது, விற்பவர்களில் பெரும்பாலோர் சம்பளம் வாங்காத தொண்டர்கள், எல்லாம் சரி, ஆனால் வாடகையும் கரண்ட் பில்லும் மேனேஜர் சம்பளமும் போகத்தானே மிச்சம். விலைபோகாத துணியை எடைக்குப் போட்டுவிடுவார்கள். அதில் ஒரு பங்கு கானா நாட்டின் கன்டமான்டோ சந்தை வரைக்கும் போகிறது. அங்கே பிரித்துப் பார்த்து, உதவாததைக் குப்பையில் கொட்டுகிறார்கள். அதனால் கிழிசலையும் கறைபட்டதையும் கொடுப்பது தர்மத்தில் சேராது, குப்பையைத் தள்ளிவிடுவதுதான்.

கேள்வி: கொடுக்கும்போது கிஃப்ட் எய்ட் என்று ஒரு படிவத்தில் மகள் கையெழுத்துப் போட்டாள். என் பொருளுக்கு நானே போடலாமா?

பதில்: போடாதீர்கள். அங்கே வரி கட்டுகிறவர்களுக்கு மட்டும்தான் அது. அவர்கள் கையெழுத்திட்டால், பொருள் விற்ற ஒவ்வொரு பவுண்டுக்கும் 25 பென்ஸ் அரசிடமிருந்து கூடுதலாக அந்த அமைப்புக்குக் கிடைக்கும். சட்டப்படி, விற்கும் வரை பொருள் கொடுத்தவருடையதுதான், கடை வெறும் ஏஜென்ட். அதனால்தான் விற்ற பிறகு ‘இவ்வளவு வந்தது, எடுத்துக்கொள்ளட்டுமா?’ என்று மகளுக்குக் கடிதமோ மின்னஞ்சலோ வரும். போதிய வரி கட்டாதவர் கையெழுத்துப் போட்டால் அரசு கொடுத்த தொகைக்கும் அவர் கட்டிய வரிக்கும் உள்ள வித்தியாசத்தை அரசு அவரிடமே கேட்கும்.

கேள்வி: அடுத்த முறை சோபா, பேரனின் கார் சீட்டெல்லாம் கொடுக்கலாமா?

பதில்: சோபாவில் தீப்பாதுகாப்பு லேபிள் இருந்தால் பெரிய கடைகள் வண்டி அனுப்பியே எடுத்துக்கொள்ளும். மகள் அந்த லேபிளைக் கத்தரித்து எறிந்திருந்தால் வாங்க மாட்டார்கள். கார் சீட் பெரும்பாலும் வேண்டாம் என்பார்கள், விபத்தில் அடிபட்டதா என்று பார்த்துச் சொல்ல முடியாதே. மின்சாதனம் என்றால் சோதித்துப் பார்க்க ஆள் உள்ள கடையா என்று முதலில் போன் செய்து கேட்கச் சொல்லுங்கள். கடை மூடியிருந்தால் மூட்டையை வாசலில் வைத்துவிட்டு மட்டும் வர வேண்டாம். ஒரு மழை பெய்தால் போதும், அத்தனையையும் தூக்கிப்போட அவர்கள்தான் செலவு செய்ய வேண்டும்.