டெட்ராமரில் ஒரு புள்ளியும் விழவில்லை: குப்பி கெட்டுவிட்டதா?

கேள்வி: கருப்பைவாய்ப் புற்றுநோயாளிகள் ஆறு பேரின் ரத்தத்தில் ஹெச்பிவி-16 இ7 டெட்ராமர் (அந்த வைரஸின் இ7 புரதத்தை அடையாளம் காணும் டி செல்லில் ஒட்டி ஒளிர்வது) போட்டு, 50,000 லிம்ஃபோசைட்டுகளை ஃப்ளோவில் (செல்களை ஒவ்வொன்றாக எண்ணும் ஃப்ளோ சைட்டோமீட்டரில்) ஓட்டினேன். யாருக்கும் எதுவும் தெரியவில்லை. ஆறு பேருமே ஹெச்எல்ஏ-ஏ2 வகை (ஹெச்எல்ஏ: பெப்டைட் எனும் புரதத் துண்டை டி செல்லுக்குக் காட்டும் மூலக்கூறு). விற்பனையாளர் புதுக் குப்பி வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா? (ஆய்வு மாணவி, மதுரை)

வாங்காதீர்கள். முதலில், ஏ2 என்று எப்படித் தெரிந்தது? பிபி7.2 ஆன்டிபாடி வைத்து என்றால் அது ஏ2 குடும்பம் முழுவதையும் பிடிக்கும், உட்பிரிவைச் சொல்லாது. உங்கள் டெட்ராமரோ ஏ*02:01 மூலக்கூறில் இ7-இன் 11 முதல் 19 வரையான துண்டைப் பொருத்திச் செய்தது. ஐரோப்பியர்களுக்கு ஏ2 என்றால் பெரும்பாலும் 02:01தான். நம்மவர்களுக்கு 02:11, 02:06, 02:03 எல்லாம் சகஜம். பெப்டைட் உட்காரும் பள்ளத்தில் ஓரிரு அமினோ அமிலம் மாறினாலும் டி செல் அடையாளம் காணாமல் போகலாம்.

இதில் ஒரு விலக்கு உண்டு. 02:11 உள்ளவரின் டி செல் சில சமயம் 02:01 டெட்ராமரிலும் ஒட்டும். அப்படி ஒட்டி, சம்பந்தமில்லாத பெப்டைட் டெட்ராமரில் ஒட்டாவிட்டால், அந்த முடிவை வைத்துக்கொள்ளலாம். ஆனால் 02:01 டெட்ராமர் ஒட்டவில்லை என்பதை மட்டும் வைத்து 'நோயாளிக்கு ஹெச்பிவி டி செல் இல்லை' என்று எழுதவே கூடாது. ஒட்டினால் சான்று, ஒட்டாவிட்டால் ஒன்றுமே சொல்ல முடியாது. உயர்துல்லிய ஹெச்எல்ஏ பரிசோதனை செய்யாமல் இதிலிருந்து தப்ப வழியில்லை. கட்டியில் இருப்பது ஹெச்பிவி வகை 16தானா, 18ஆ என்பதையும் பாருங்கள்.

அடுத்தது எண்ணிக்கை. இந்த ஹெச்பிவி டி செல்கள் பல நேரம் சிடி8-இல் (கொல்லும் டி செல் வகை) பத்தாயிரத்துக்கு ஒன்றுகூடத் தேறாது. 50,000 லிம்ஃபோசைட்டில் சிடி8 சுமார் 12,000தான் இருக்கும். அதில் ஒரு செல் வந்தால் அதிர்ஷ்டம். சில மில்லியன் ஓட்டுங்கள். அல்லது மில்லிக்கு 1 மைக்ரோகிராம் பெப்டைடுடன், மூன்றாம் நாளிலிருந்து ஐஎல்-2 (டி செல்லை வளர்க்கும் புரதம்) சேர்த்து, 10 முதல் 12 நாள் வளர்த்துவிட்டுப் பாருங்கள்.

சாயமிடும்போது முதலில் 50 நானோமோலார் டசாட்டினிப் மருந்து, 37 டிகிரியில் 30 நிமிடம். டெட்ராமர் ஒட்டும் டி செல் ஏற்பிகள் செல்லுக்குள் இழுபடாமல் இருக்கும். பிறகு டெட்ராமர், 15 நிமிடம். அதன் பிறகே சிடி8 ஆன்டிபாடி. முந்திப் போட்டால் அந்த ஆன்டிபாடியின் சில குளோன்கள் (வகைகள்) டெட்ராமரைத் தடுத்துவிடும். சிடி14 (மோனோசைட் அடையாளம்), சிடி19 (பி செல் அடையாளம்), இறந்த செல் சாயம் மூன்றையும் ஒரே சேனலில் போட்டுக் கழித்துவிடுங்கள்.

இனி தரகர்கள். 'ஹெச்பிவி டெட்ராமர்' என்று மட்டும் எழுதிய விலைப்புள்ளியைத் தொடாதீர்கள். அல்லீல் (02:01 போன்ற ஹெச்எல்ஏ உட்பிரிவு), பெப்டைட் வரிசை, லாட் எண், தரச் சான்றிதழ் நான்கும் எழுத்தில் வேண்டும். ட்ரை ஐஸில் வந்தால் திருப்பி அனுப்புங்கள். டெட்ராமர் 4 டிகிரியில், இருட்டில் இருக்க வேண்டிய பொருள். உறைந்தால் திரண்டு பின்னணியை ஏற்றும். பெரிய குப்பியைப் பிரித்துத் தன் லேபிள் ஒட்டி விற்பவரிடம் எந்தச் சான்றும் கிடைக்காது. 'குறைந்த விலை எவரோ அவரிடமே வாங்கு' என்ற கொள்முதல் விதிதான் இவர்களை வளர்க்கிறது. குளிர்ச்சங்கிலிக்கு விலைப்புள்ளிப் படிவத்தில் ஒரு கட்டம்கூட இல்லை! அமெரிக்காவில் எமோரி பல்கலைக்கழகத்தில் இயங்கும் என்ஐஹெச் (அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்கள்) டெட்ராமர் மையத்துக்கு உங்கள் வழிகாட்டி நேரடியாகவே விண்ணப்பிக்கலாம்.

ஹெச்எல்ஏ பரிசோதனைக்குப் பணமில்லை என்றால் எலிஸ்பாட் (பெப்டைடுக்கு எதிர்வினை காட்டும் செல்களைப் புள்ளிகளாக எண்ணும் சோதனை) செய்யுங்கள். இ7-இன் 98 அமினோ அமிலங்களை, 15 நீளத்தில், நான்கு நான்காக நகர்த்தினால் 22 பெப்டைட் போதும். பெப்டைடைக் கரைக்கும் டிஎம்எஸ்ஓ திரவம் இறுதியில் 0.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பெப்டைட் கலக்காமல் அதே அளவு டிஎம்எஸ்ஓ மட்டும் போட்ட கிணறுகளும் தட்டில் இருக்கட்டும்.